துவாய்க்குக் கீழே காயும் துணி

1

இந்த வசந்தத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசைப்படுத்தி எழுதாவிட்டால் எனக்கு எதுவும் சரியாக விளங்குவதில்லை.

ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மா கற்பிட்டியிலிருந்து குரல் செய்தி அனுப்பினார். உள்ளே உடுத்த நான் போனமுறை அனுப்பிய கறுப்பு ஜங்கிகள் மிச்சம் நல்லமாம். அதே துணியில் இன்னும் வேண்டுமாம். ஆனால் ஒரு அளவு பெரிதாக.

இரண்டு. அன்று பின்னேரம் வீடியோவில் கதைத்தோம். முக்காட்டைச் சரிசெய்ய உம்மா கையைத் தூக்கியபோது காப்பு முழங்கைவரை வழுக்கி இறங்கியது. நன்றாக மெலிந்திருந்தார். மெலிந்த மனிசிக்கு எதற்குப் பெரிய அளவு?

மூன்று. இடுப்பையும் அதற்குக் கீழேயும் அளந்து சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்துச் சொன்னார். இடுப்பளவு ஒரு பெண்ணுடையது, கீழளவு இன்னொரு பெண்ணுடையது. இரண்டும் ஒரே உடம்பில் வராது. உடுப்புக்கு மேலாலா அளந்தீங்க என்றேன். ஓம் என்றார். உடுப்புக்குள்ளே வேறென்ன கட்டியிருந்தீங்க என்றேன். உம்மா அழைப்பைத் துண்டித்தார்.

நான்கு. சாச்சியிடம் கேட்டேன். சாச்சி உம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். அவர் ஒரு படம் அனுப்பினார். அனுப்பிய கையோடு அதை அழித்தும்விட்டார். அதற்குள் அது என் தொலைபேசியில் இறங்கிவிட்டது.

ஐந்து. வேலையிடத்துக் கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆறு. முகத்தைக் கழுவிக்கொண்டு பின்னேரக் கூட்டத்துக்குப் போனேன். புதிய மாதிரி ஒன்றின் காலோர இலாஸ்டிக் ஏன் தோலில் தடம் பதிக்கிறது என்று விளக்கினேன். என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற அளவுக்கு என்னை அங்கே யாருக்கும் தெரியாது.

2

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில், பெண்களின் உள்ளாடை விற்கும் கொம்பனி ஒன்றில் நான் பொருத்தம் பார்க்கும் தொழில்நுட்பவியலாளர். தொழிற்சாலைகளிலிருந்து மாதிரிகள் வரும். சம்பளத்துக்கு வரும் ஒரு பெண் அவற்றை உடுத்திக்கொண்டு வெளிச்சமான அறையின் நடுவே நிற்பார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று அளவு நாடாவோடு பார்ப்போம். குனியச் சொல்வோம், படியேறச் சொல்வோம், கதிரையில் இருந்து எழும்பச் சொல்வோம். எங்கே இழுக்கிறது, எங்கே உருளுகிறது, எங்கே வெட்டுகிறது என்று குறிப்போம். உடம்பின் அந்தப் பகுதிக்கு அந்த அறையில் ஒரு வெட்கமும் கிடையாது. அது ஒரு வளைவு, ஒரு அளவு, ஒரு தையல்கோடு, அவ்வளவுதான்.

முதல் கிழமையில் நானும் ஒரு பிழை விட்டேன். மழையில் நனைந்து வந்து, என் பான்ட்ஸ் ஈரமாகிவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். ஊரில் அது காற்சட்டை. இங்கே அது உள்ளாடை. அவர் மாதிரிப் பெட்டியிலிருந்து புதியது ஒன்றை எடுத்து நீட்டினார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இதற்கு முன் எங்கள் மாவட்டத்து ஆலையொன்றில் தரம் பார்த்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்தவுடன் கிடைத்த வேலை. அங்கே தைத்ததும் முழுக்க இதேதான். வீட்டில் கொம்பனிக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். வாப்பா பள்ளிவாசலடியில், பிள்ளை குழந்தைப் பிள்ளைகளின் உடுப்புத் தைக்கிற இடத்தில் பெரிய வேலையில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பெண்பிள்ளைகள் அப்படித்தான் குழந்தை உடுப்புத் தைத்தார்கள்.

3

எங்கள் வீட்டில் பெண்களின் உள்துணி வெயிலைக் கண்டதில்லை. கற்பிட்டியில் காற்றுக்குக் குறைவில்லை. ஆண்கள் கட்டும் சாரனை உதறிக் கொடியில் போட்டால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஆனால் எங்களுடையது குசினிக்குப் பின்னால், கிடுகு மறைப்புக்குள், தாழக் கட்டிய கயிற்றில் போகும். அதற்கு மேலே துடைக்கிற துவாய் ஒன்றை விரிக்க வேண்டும். யாராவது பின்பக்கம் வந்தாலும் துவாய்தான் தெரியும். துவாய் காய்ந்துவிடும், கீழே உள்ளது ஈரமாகவே கிடக்கும். அரை ஈரத்தோடுதான் உடுத்தினோம். ஒருவர் துவாயை இன்னொருவர் தூக்கிப் பார்ப்பதில்லை. தாயுடையதை மகளும் பார்ப்பதில்லை.

இங்கே நான் ஐலீன் என்ற மனிசியின் வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். எழுபது தாண்டியவர், தனி ஆள். வந்த புதிதில் என் உள்துணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் போட்டு அதன்மேல் ஒரு துவாயை விரித்துவைத்தேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கதவும் பூட்டியிருந்தது. ஆனாலும் விரித்தேன். கொஞ்ச நாளில் அறை முழுதும் பூஞ்சண வாடை. சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. ஐலீன் மேலே வந்து, மணந்து பார்த்து, நேரே போய் துவாயைத் தூக்கினார். கீழே நாலு ஜங்கிகள் வரிசையாகக் கிடந்தன. எனக்குக் காது சுட்டது. அவர் சுவரைத்தான் பார்த்தார். துவாயை மடித்து என் கையில் தந்து, இதை மூடினால் எப்படிக் காயும் என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து மூடுவதில்லை. பழகுவதற்கு ஒரு குளிர்காலம் போனது.

என் நாள் இப்படித்தான் போகிறது. வேலை, பஸ், சோறு, இஷா தொழுகை, தொலைபேசி. ஊரில் எல்லோரும் படுத்த பிறகுதான் எனக்கு வேலை முடியும். ஆகவே கிழமை நாட்களில் எனக்குக் கிடைப்பது குரல் செய்திகள் மட்டும். பஸ்ஸில் காதில் செருகிக்கொண்டு கேட்பேன். உம்மாவின் குரலுக்குப் பின்னால் கோழி, மோட்டார் சைக்கிள், பாங்கு எல்லாம் கேட்கும். பெருநாள் அன்றும் அப்படித்தான் கேட்டேன். பஸ் வந்து சேர்ந்த பிறகும் தரிப்பிடத்தில் நின்று முழுதும் கேட்டுவிட்டுத்தான் நடப்பேன்.

4

உம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது மன்னாரில் எங்கள் பெண்கள் யாரும் ஜங்கி உடுத்தியதில்லையாம். பாவாடை, அதற்குமேல் உடுப்பு. மாதத்தில் அந்த நாட்களுக்கு மட்டும் இடுப்புக் கயிறும் மடித்த துணியும். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு விரட்டியபோது உம்மா கலியாணம் முடித்துச் சில மாதங்கள். உடுத்த உடுப்போடும் ஒரு சிறிய பையோடும் புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள்.

முகாமில் நடந்த ஒரு கதையைச் சாச்சி எல்லாக் கலியாண வீடுகளிலும் சொல்வார். ஒருநாள் நிவாரண லொறி வந்ததாம். குடும்பத்துக்கு ஒரு பொதி. பொதிக்குள் படுக்கை விரிப்பு, சவர்க்காரம், அதோடு ஏதோ தூர நாட்டு மக்கள் அன்போடு அனுப்பிய ரோசா நிற நைலோன் ஜங்கிகள். ஒவ்வொன்றும் தலையணை உறை அளவு. பெண்கள் எல்லோரும் விரித்துப் பார்த்து, திருப்பி மடித்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள். உம்மா தன்னுடையதைக் கொதிநீரில் போட்டு, கழுவி, கால் ஓட்டைகளைத் தைத்து மூடி, தேங்காய்ப்பால் வடிக்க வைத்துக்கொண்டாராம்.

"நோன்புக் கஞ்சிக்கு அதுலதான் பால் புழிஞ்ச. முழு முகாமும் குடிச்ச. பள்ளி மோதினார் ரெண்டு கோப்ப குடிச்ச," என்பார் சாச்சி.

உம்மா மறுக்கமாட்டார். அது புதுசு, கொதிக்க வைத்தது என்று மட்டும் சொல்வார். நான் இந்த வேலைக்கு இங்கிலாந்து போகிறேன் என்றபோது சாச்சி, "போங்க மகள், போய் எங்களுக்கு நல்ல பால்வடி செஞ்சி அனுப்புங்க" என்று சொல்லித்தான் வழியனுப்பினார்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சந்தைக்கு ஆலைக் கழிவு வரத் தொடங்கியது. லேபலைப் பாதியாக வெட்டிய ஏற்றுமதி ஜங்கிகளை நிலத்தில் சாக்கு விரித்துக் குவித்திருப்பார்கள். பெண்கள் அந்தக் குவியலைப் பார்க்கமாட்டார்கள். பக்கத்துக் குவியலில் உள்ள பிள்ளைச் சட்டைகளைப் பார்த்து விலை கேட்டுக்கொண்டே, கையை மட்டும் இந்தக் குவியலுக்குள் விட்டுத் தடவி எடுத்துக் கூடைக்குள் போடுவார்கள். அளவு பார்க்க வழியில்லை. ஆகவே எங்கள் ஊரில் எல்லோரும் தங்களுக்குப் பொருந்தாததைத்தான் உடுத்தினார்கள். இலாஸ்டிக் வெட்டிய தடத்தைப் பெரிய பெண்ணானதன் அடையாளம் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆண்களுடையதும் மாறியது. வாப்பா கடலுக்குப் போன காலத்தில் சாரனுக்குள் கச்சை கட்டினார். பழைய சாரனில் நீளமாகக் கிழித்த துணி, இடுப்பைச் சுற்றி, காலிடுக்கால் எடுத்து, பின்னால் இறுக்கிச் செருகுவது. வலை இழுக்கும்போது சாரனைக் கழற்றி வள்ளத்தில் போட்டுவிடுவார். இப்போது உச்சமுனைப் பக்கம் கடலுக்குப் போகிற பொடியன்கள் உதைபந்தாட்டக் காற்சட்டையோடு போகிறார்கள். வாப்பாவும் கடலை விட்டுக் கருவாடு வாங்கி விற்கிறார். அவருடைய கச்சைகளைத் தோய்த்து, கிழிந்ததைத் தைத்தது எல்லாம் உம்மாதான்.

இங்கே வந்த பிறகு நான் உம்மாவுக்கு நல்ல ஜங்கி அனுப்பத் தொடங்கினேன். உயர்ந்த இடுப்பு, தடித்த பருத்தி, அகலமான இலாஸ்டிக். முதலில் வேண்டாம் என்றார். பிறகு, இன்னும் கொஞ்சம் அனுப்புங்க என்றார். பிறகு இன்னும். கறுப்பாக இருக்கட்டும் என்றார். தொழுகைக்கு வேறாக, வேலைக்கு வேறாக வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் வாங்கியவர் அதையே திரும்பக் கேட்டால் அது நல்ல பொருள் என்று அர்த்தம். உம்மாவும் கடைசியில் வசதியைக் கண்டுகொண்டார் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் சந்தோசமாகப் பெட்டி கட்டினேன்.

5

சாச்சி அனுப்பிய படத்தில் கிடுகு மறைப்பு தெரிந்தது. துவாயின் ஒரு மூலையைச் சாச்சியின் கை தூக்கியிருந்தது. கீழே நான் அனுப்பிய ஜங்கி. ஆனால் அது நான் அனுப்பியதாக இல்லை.

இடுப்பு இலாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டு நாடா கோத்திருந்தது. அடிப்பகுதியில் துணி நாலைந்து மடிப்பாகத் தடித்திருந்தது. முன்னாலிருந்து பின்னால் வரை, நீலக் கட்டம் போட்ட சாரன் துணியில் ஒரு அகலப் பட்டி கைத்தையலால் பிடிக்கப்பட்டு, இரண்டு முனையும் கட்டுவதற்கு நீளமாக விடப்பட்டிருந்தது. வாப்பாவின் கச்சை. உம்மா அதை என் ஜங்கியோடு சேர்த்துத் தைத்திருந்தார். நடுவில் ஒரே இடத்தில் தையல் திரும்பத் திரும்ப அறுந்து, திரும்பத் திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. மேலிருந்து கீழே எதுவோ ஒன்று ஓயாமல் அழுத்தினால்தான் அந்த இடம் அப்படி அறும். இதைச் சொல்ல எனக்கு வைத்தியம் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பெண்ணுடைய துணியாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஆலையிலும் இங்கேயும் எத்தனையோ பெண்களின் உள்ளாடைகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். உம்மாவுடையதைப் பார்த்தது அதுதான் முதல்தடவை.

சனிக்கிழமை காலையில் அழைத்தேன். உம்மா குசினியில் தனியாக இருந்தார். சாச்சிமீது கோபமாக இருந்தார். அவள் ஆண்பிள்ளைபோல் வளர்ந்தவள், வெட்கம் கெட்டவள் என்றார். ஏசி முடியும்வரை காத்திருந்துவிட்டு, நோவா உம்மா என்று கேட்டேன்.

"நோவு இல்ல மகள். எறங்குது."

"என்ன எறங்குது?"

"நீங்க படிச்ச புள்ள. கேக்காதீங்க."

கேட்கவில்லை. அவராகவே சொன்னார், தொலைபேசிக் கமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு. முகாமில் என் அண்ணன் நானாவைப் பெற்ற கையோடு தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தது. என்னைப் பெற்ற பிறகு கருப்பை கீழே இறங்குவது கொஞ்சம் தெரிந்தது. பிறகு கற்பிட்டியில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய், இரண்டு கையிலும் வாளியோடு பாத்திக்குப் பாத்தி நடந்து தண்ணீர் விட்ட காலத்தில் அதிகமானது. இப்போது இருமினால் வருகிறது. கச்சை கட்டினால் நிற்கிறது. சிறுநீரும் கசிகிறது. கைகால் முகம் கழுவி வுழுச் செய்துவிட்டுத் தொழ நின்றால் வுழு முறிந்துவிடுகிறது. திரும்பவும் கழுவி, உள்துணி மாற்றி, திரும்பவும் வுழு. நோன்புக் காலத்தில் பெண்கள் எல்லோரும் தராவீஹ் தொழக் கூடும் வீட்டுக்கு உம்மா போவதை நிறுத்தி இரண்டு வருடம். கால் நோவு என்று சொல்லியிருந்தார். நானும் தைலம் அனுப்பியிருந்தேன்.

கிளினிக் போக வேண்டும் என்றேன். ஆம்பிள டொக்டர் இருப்பார் என்றார். பொம்பிளை டொக்டரும் இருப்பார் என்றேன். வாப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்றார். தெரிந்தால் என்ன என்றேன். சுவரில் தொங்கிய அகப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வாங்க," என்றார் கடைசியில். "நீங்க வந்தா போறன். வேற யாரோடயும் ஏலா."

6

என்னால் போக முடியாது. என் விசா முடிவதால் நீடிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். பதில் வரும்வரை இந்த நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நானே மீளப் பெற்றுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு வேலையும் இல்லை, திரும்பி வரவும் வழியில்லை. விசா அலுவலக இலக்கத்துக்கு அழைத்து, தாய்க்குச் சுகமில்லை என்றேன். என்ன நோய் என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டாள். எத்தனையோ தடவை உடம்பின் அந்தப் பகுதியின் பெயரை ஆங்கிலத்தில் கூட்டங்களில் சாதாரணமாகச் சொன்ன எனக்கு, அது உம்மாவுடையது என்றதும் வாய் வரவில்லை. இடுப்பு நோவு என்றேன். இடுப்பு நோவுக்கு விதிவிலக்கு இல்லை. சரியாகச் சொல்லியிருந்தாலும் வேறு பதில் வந்திருக்கும் என்று தோன்றவில்லை.

கத்தாரில் உள்ள நானாவிடம் இதைச் சொல்ல முடியாது. அவர் உம்மாவின் மகன். அதனாலேயே முடியாது.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மேலாளரிடம் கேட்டு, வேலை முடிந்த பின் மாதிரி அறையில் இருந்து தைத்தேன். உம்மாவின் கச்சையைத்தான் அடிப்படையாக எடுத்தேன், ஏனென்றால் அதன் இழுவிசை சரியாக இருந்தது. முன்னால் இரட்டை வலைத்துணி, அடியில் மூன்று அடுக்கு, நடு அடுக்கு ஈரத்தை உறிஞ்சுவது, இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டும் பட்டி. முதலாவது சரியில்லை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை நானே உடுத்திப் படியேறிப் பார்த்தேன். நன்றாகத் தாங்கியது.

அதுதான் பிரச்சினை என்று பஸ்ஸில் வரும்போது விளங்கியது. இது இவ்வளவு நன்றாகத் தாங்கினால் உம்மா கிளினிக் பக்கமே போகமாட்டார். ஏற்கெனவே நான் அனுப்பிய ஒவ்வொரு பெட்டியும் உம்மாவுக்கு இன்னும் சில மாதம் தள்ளிப்போட உதவியிருக்கிறது. நான் நன்றாகத் தைக்கத் தைக்க உம்மா அந்தத் துவாய்க்குக் கீழேயே இருந்துவிடுவார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, உம்மாவை அழைத்துச் சொன்னேன். தைத்து வைத்திருக்கிறேன், ஆனால் கிளினிக் போன பிறகுதான் அனுப்புவேன், பழைய மாதிரியும் இனி அனுப்பமாட்டேன் என்று.

"ஒங்கட உள்துணிய நீங்களே வெச்சிக்கோங்க," என்றார் உம்மா.

அதன்பிறகு எடுக்கவில்லை. குரல் செய்தியும் வரவில்லை. பஸ்ஸில் பழைய செய்திகளைத் திரும்பக் கேட்டேன். ஒன்றில் உம்மா கோழியைத் துரத்திக்கொண்டே, சாப்பிட்டீங்களா மகள் என்று கேட்கிறார். அதையே பல தடவை கேட்டேன். சாச்சியிடமிருந்து ஒரு வரி வந்தது. உம்மா அவரோடும் கதைப்பதில்லையாம். வாப்பா நீலக் கட்டச் சாரனைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடுகிறாராம்.

7

தைத்ததை அலசி ரேடியேட்டரில் போட்டிருந்தேன், மூடாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐலீன் முதல்நாள் வந்த தபாலைக் கொண்டு மேலே வந்தார். அதைப் பார்த்தார். கிட்டே போய், பட்டியை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்த்தார்.

யாருக்கு இறங்கியிருக்கிறது என்று கேட்டார்.

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. துணியைப் பார்த்தே கண்டுகொண்டார். என் தாய்க்கு என்றேன். அவரோடு அதைச் சொல்வதற்கு எனக்கு வாய் வந்தது. கீழே வா என்றார். பாண் துண்டுகளைச் சுட்டு, வெண்ணெய் தடவிக்கொண்டே, தனக்கும் அப்படித்தான் என்றார். இறங்காமல் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்திருக்கிறார்களாம், பல வருடமாக. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவர் தோட்டம் கொத்துவதை, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பதை எல்லாம் நான் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். முதல்நாள் பயமாக இருந்ததா என்று கேட்டேன். பயத்தைவிட, பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்ததுதான் கஷ்டம் என்றார். அவருடைய ஒரே மகள் மெல்பனில். அங்கே அப்போது நடுச்சாமம். வீட்டுக்கு வந்து நாயிடம் சொன்னாராம்.

அதை நான் அப்படியே உம்மாவுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். போங்க என்றோ வாங்க என்றோ அதில் ஒன்றும் சொல்லவில்லை. வளையம், தோட்டம், பஸ், நாய், எல்லாம் சொன்னேன்.

அன்று பதில் இல்லை. மறுநாள் பஸ்ஸில் இருக்கும்போது வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு உம்மாவின் குரல். சலாம்கூடச் சொல்லவில்லை.

"அந்த மனிசிக்கு ஒரே மகள்தானா?"

ஓம் என்று அனுப்பினேன்.

"கூடப் போக ஒருத்தரும் இல்லையா? தனியவா போன?"

ஓம் என்றேன் திரும்பவும். உம்மா கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நான் ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கி, மழையில் திரும்பி நடந்தேன்.

8

அடுத்த கிழமை, வேலையில் இருக்கும்போது, சாச்சியிடமிருந்து குரல் செய்திகள் வரிசையாக வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாதிரி அறைக்குள் போயிருந்து கேட்டேன்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மா சாச்சியின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அபாயா உடுத்தி, கையில் பையோடு. புத்தளத்துக்கு வாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வான் பிடித்துப் போனார்கள். வழியில் இருவரும் கதைக்கவில்லை. பாலாவி தாண்டியபோது உம்மா பையிலிருந்து அவித்த முட்டை எடுத்து ஒன்றைச் சாச்சியிடம் நீட்டினாராம். அதோடு கோபம் முடிந்தது.

டொக்டர் பொம்பிளை, இளம்பிள்ளை, சிங்களம். சாச்சி நன்றாகச் சிங்களம் கதைப்பார், அவர்தான் இடையில் நின்று சொன்னார். திரைக்குப் பின்னால் உம்மா கச்சையை அவிழ்த்தபோது டொக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பிறகு தாதியையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். உம்மாவின் முகம் செத்துவிட்டது என்றார் சாச்சி. ஏசப் போகிறார்கள் என்று நினைத்தாராம். டொக்டர், இவ்வளவு ஒழுங்காக இதை யார் தைத்தது என்று கேட்டிருக்கிறார். சாச்சி வாய் திறப்பதற்குள் உம்மாவே பதில் சொல்லிவிட்டார், வெங்காய வியாபாரிகளிடம் பழகிய சிங்களத்தில்.

"மகே துவ."

என் மகள் என்று.

"பொய் செல்ல மட்டும் ஒங்கட உம்மாக்கு சிங்களம் வருது," என்று சாச்சி சிரித்தார். 

அன்றிரவு உம்மா தூங்காமல் எனக்காகக் காத்திருந்து அழைத்தார். முகம் முழுதும் கமராவில் தெரிந்தது. வைக்கும்போது நொந்ததா என்று கேட்டேன். நிக்காஹ்வுக்கு மோதிரம் போட்டபோதுகூட இவ்வளவு பேர் கூடிநின்று பார்க்கவில்லை என்றார். பிறகு, இருமினேன், வரவில்லை என்றார். அஸரையும் மஃரிபையும் ஒரே வுழுவில் தொழுதேன் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

அந்தப் பொய்யைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. துண்டிப்பதற்கு முன் வேறொன்று சொன்னார்.

"அந்த மனிசிய அடுத்த தரம் தனிய விடாதீங்க மகள்."

இப்போது நிலைமை இதுதான். உம்மாவுக்கு வளையம் வைத்திருக்கிறார்கள். அறுவைக்குப் பெயர் பதிந்தாயிற்று, திகதி வரவில்லை. அது வரும்போது வார்ட்டில் சாச்சி நிற்பார். நான் நிற்பேனா என்று தெரியாது, ஏனென்றால் என் விண்ணப்பத்துக்கும் பதில் வரவில்லை. தைத்தவற்றைப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டேன். அவை கடல் வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. உம்மாவுக்கு இடுப்பு நோவு என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறது, அவர் சாரனைத் தேடுவதை இன்னும் நிறுத்தவில்லை. ஐலீனுக்கு வளையம் மாற்றும் நாள் வருகிற வியாழக்கிழமை. நான் அரைநாள் லீவு எடுத்திருக்கிறேன்.